ஐந்தாம் வசனம்

எங்கள் வீட்டில் நூற்றுப் பத்தொன்பதாம் சங்கீதம் முழுவதும் யாருக்கும் மனப்பாடமாகத் தெரியாது. எட்டுப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால்தான் தெரியும்.

வேதாகமத்திலேயே நீளமான அதிகாரம் அது. நூற்று எழுபத்தாறு வசனங்கள், இருபத்திரண்டு பகுதிகள், பகுதிக்கு எட்டு வசனம். வீட்டில் எட்டுப் பேர் ஆன வருஷம் அப்பா அதைப் பங்கு வைத்தார். அப்பா ஒன்று, அம்மா இரண்டு, சித்தப்பா மூன்று, சித்தி நான்கு, அண்ணன் ஐந்து, நான் ஆறு, தங்கை ஏழு. கடைசியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் அப்பாவின் அக்கா. கணவனை இழந்து வந்த அவளுக்கு எட்டு. ஒரு நாளைக்கு ஒரு பகுதி. பஞ்சு மில்லின் காலைச் சங்கு ஊதியதும் பாயில் வட்டமாக உட்காருவோம். அப்பா முதல் வசனத்தைச் சொல்வார். அது அப்படியே சுற்றி வந்து எட்டில் முடியும். ஆக, ஒவ்வொரு பகுதியிலும் ஆறாவது வசனம் என்னுடையது. எனக்குச் சொந்தமாக இருபத்திரண்டு வசனங்கள் இருந்தன. மற்றவர்களுடையதைக் கேட்டுக் கேட்டு அவையும் மனத்தில் ஏறிவிட்டன என்பது வேறு விஷயம். தெரிந்தாலும் சொல்லக் கூடாது. அவை பிறர் வசனங்கள்.

ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் அவர் வசனத்தை இன்னொருவர் எடுக்கக் கூடாது. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் எல்லோரும் பேசாமல் இருப்போம். சித்தப்பா குடலிறக்க ஆபரேஷனுக்காக மதுரையில் பதினைந்து நாள் இருந்தபோது மூன்றாம் வசனத்துக்குப் பேசாமல் இருந்தோம். மௌனம் எப்போது முடிகிறது என்று யாருக்காவது தெரிய வேண்டுமே. அது அப்பாவின் வேலை. கண்ணை மூடி அந்த வசனத்தை மனத்துக்குள் சொல்லி முடித்து, அடுத்தவரைப் பார்த்துத் தலையை அசைப்பார். நீளமான வசனத்துக்கு நீளமான மௌனம். சின்ன வசனத்துக்குச் சின்ன மௌனம்.

செத்துப்போனவர்களுக்கு மௌனம் கிடையாது. அத்தையை அடக்கம் செய்த மறுநாள் காலை, ஏழாவது வசனத்தைத் தங்கை முடித்ததும் அப்பாவே எட்டாவதைச் சொன்னார். முன்னால் அறிவிக்கவில்லை, விளக்கவும் இல்லை. இல்லாதவர் வசனத்தை வீட்டில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் அவர் இனி வரமாட்டார் என்று அர்த்தம். அந்த ஒரு தடவைதான் முன்னுதாரணம். அதுவே போதுமானதாக இருந்தது.

அத்தை போன அடுத்த வருஷம், நாற்பத்தொன்றில், அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது. மயினி உடன்குடிப் பக்கம். அவள் வீட்டார் கருப்பட்டி வியாபாரிகள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்குப் பதினேழு. எட்டாம் வசனம் அவளுக்கு வந்தது. எழுத்துக்கூட்டி வாசிப்பாள், அவ்வளவுதான் படிப்பு. அம்மா திருகையில் உளுந்து உடைத்துக்கொண்டே பாடம் ஏற்றினாள்.

“மூணு துண்டா ஒடச்சுக்கோ. மொதத் துண்ட ஏழு தரம் சொல்லு. பெறவு ரெண்டாந்துண்டு ஏழு தரம். பெறவு ரெண்டயும் சேத்துச் சொல்லு. மூணாவது தானா வந்து ஒட்டிக்கிடும்.”

மயினி வேகமாகச் சொல்வாள். நிறுத்தம் இருக்காது. துறைமுக ஆபீசுக்குப் புறப்படும் அப்பாவுக்குக் குடை எடுத்துக் கொடுத்துவிட்டு அண்ணன் அவளைச் சீண்டுவான்.

“ஏளா உடன்குடி, என்ன வார்த்தையெல்லாம் பெட்டிக் கருப்பட்டி மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வருது?”

“ஒட்டுனது லேசுல உதிராதுல்லா. ஒங்களுக்குத்தான் நேத்து பாதியில நின்னுபோச்சு.”

“அது மூச்சு விட நின்னேன்.”

“அம்புட்டு நேரமா மூச்சு விடுவாவ?” என்றாள். தங்கை சிரித்த சிரிப்பில் அம்மா அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

அண்ணன் மூச்சு விட நிற்பது உண்மை. ஒவ்வொரு வசனத்திலும் நடுவில் ஓர் இடத்தில் நிற்பான். அந்த இடம் மாறாது.

கல்யாணமாகி ஆறாம் மாதம் அவனுக்குப் பினாங்கில் ஓர் அரிசி வியாபார ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்து மயினியை அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. எங்கள் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. கடலுக்குள் தூரத்தில் நிற்கும். கொழும்புக்குப் போகிற கப்பலுக்கு அவனை லாஞ்சில் ஏற்றிவிட்டோம். மறுநாள் காலை ஐந்தாம் வசனத்துக்கு எல்லோரும் பேசாமல் இருந்தோம். அப்பா கண் திறந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் ஆறாவதைச் சொன்னேன்.

மூன்று கடிதங்கள் வந்தன. பிறகு ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கினான். அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

நான் படிப்பை முடித்து ஊரில் ஒரு வாரப் பத்திரிகை அச்சாகும் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தினமும் சாயங்காலம் நான் வந்து சட்டையைக் கழற்றும்போது மயினி கேட்பாள்.

“தம்பி, ஒங்க பேப்பர்ல கப்பல் ஏதும் போட்டிருக்கா?”

“கப்பல் விஷயம் எதுவும் போடக் கூடாதுன்னு சர்க்கார் உத்தரவு, மயினி.”

“போடாட்டாலும் ஒங்க ஆபீசுல பேசிக்கிடுவாவல்லா.”

“பேசவும் பயப்படுதாங்க.”

இந்தப் பேச்சை ஏறக்குறைய இதே வார்த்தைகளில் நான்கு வருஷம் பேசினோம். காலையில் ஐந்தாம் வசனத்தின் மௌனமும் நான்கு வருஷம் நீடித்தது. அந்த நேரத்தில் பாயில் இருந்த ஏழு பேரும் அதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அப்போது நான் மட்டும்தான் சொல்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

மயினிக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அவர் இருக்கிறாரா, இல்லையா? அது தெரியாமல் அவள் எங்கள் வீட்டில் இருப்பதற்கும் அர்த்தமில்லை, தன் வீட்டுக்குப் போவதற்கும் வழியில்லை.

யுத்தம் முடிந்தது. கப்பல்கள் வரத் தொடங்கின. அந்த மழைக்காலம் முடிந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், மயினியின் அண்ணன் உடன்குடியிலிருந்து ஓர் ஓலைக் கொட்டான் கருப்பட்டியோடு வந்தார். அப்பாவுக்கு எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மயினி கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் மெய்ப்புத் தாள்களை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் இருந்தேன்.

“மாமா, கப்பலெல்லாம் வர ஆரம்பிச்சிட்டு. மச்சான் வந்தா எங்களுக்கும் சந்தோசம். இல்லன்னா இல்லன்னு தெரியணும். பிள்ளைக்கு இருவத்துமூணு வயசாச்சு.”

“கொஞ்சம் பொறுங்க. தகவல் வரும்” என்றார் அப்பா.

“யாருகிட்டேருந்து வரும், மாமா?”

“வரும்.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். கவனிக்க வேண்டிய இடத்தில் இருந்தவனும் நானே. ஐந்தாம் வசனத்தின் மௌனம் முடிந்ததும் பேச வேண்டியவன் நான். அப்பாவின் தலையசைப்புக்காகக் காத்திருப்பவன் நான். அது தவறான இடத்தில் விழத் தொடங்கியிருந்தது. ஒன்பதாம் பகுதியின் ஐந்தாம் வசனம் நீளமானது. நான் மனத்துக்குள் பாதியைக்கூடத் தாண்டவில்லை, அப்பா தலையசைத்துவிட்டார். கடைசிப் பகுதியினுடையது சின்னது. அன்று நான் சொல்லி முடித்து, இன்னொரு தடவை சொல்லி முடித்தும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. தங்கை முழங்கையால் என்னை இடித்தாள். நான்கு வருஷமாகக் கடிகாரம் போல நடந்தது, சில வாரங்களாகத் தாறுமாறாக இருந்தது.

அப்பாவுக்கு வயதாகிறது என்று முடிவு செய்தேன். மெய்ப்புத் திருத்துகிறவன் பிழையைக் கண்டால் ஓரத்தில் குறியிட வேண்டும். நான் பார்த்துவிட்டு, குறியிடாமல் தாளைப் புரட்டிவிட்டேன்.

ஜனவரி கடைசியில் ஒரு காலை. அன்றைக்குப் பதினான்காம் பகுதி. தீபத்தைப் பற்றிய வசனத்தோடு தொடங்குவதால் எல்லோருக்கும் பழக்கமான பகுதி அது. அப்பா முதலாவதைச் சொன்னார். அம்மா, சித்தப்பா, சித்தி. பிறகு மௌனம். அந்தப் பகுதியின் ஐந்தாம் வசனம், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிற ஒருவன் பேசுவது. நான் அதை மனத்துக்குள் தொடங்கினேன்.

என் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்த வசனம் வெளியிலும் கேட்டது.

மயினி சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் தவறிச் சொல்பவள் ஒரு வார்த்தையில் திடுக்கிட்டு நிறுத்திவிடுவாள். இவள் நிறுத்தவில்லை. அவளுடைய வழக்கமான வேகமும் இல்லை. மெதுவாக, தெளிவாக, அண்ணன் மூச்சுக்கு நிற்கும் இடத்தில் நின்று, மீதியைச் சொல்லி முடித்தாள். அவள் கண்கள் திறந்திருந்தன. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பகுதி அங்கே நின்றுவிட்டது. ஆறாம் வசனத்தைச் சொல்ல வேண்டியவன் நான். அம்மாவின் குரல்தான் முதலில் வந்தது.

“ஏளா! ஏ பாவி! என்ன சொன்ன? எம்பிள்ளைய என்ன சொல்லிட்ட?”

பாய் சுருண்டு மடங்க அம்மா முழங்காலால் நகர்ந்து போய் மயினியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “கடுதாசி வந்துச்சா? யாரு ஒனக்குச் சொன்னா?”

“எனக்கு யாரும் சொல்லல, அத்தை.”

“பெறவு எப்படி ஒனக்கு வாய் வந்துச்சு?”

“மாமாட்ட கேளுங்க.”

அம்மா திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தோம். அப்பா கைகளைக் கோத்தபடியே உட்கார்ந்திருந்தார். மயினி அவரிடம் பேசினாள். கோபமாகப் பேசவில்லை. அதுதான் என்னை அதிகமாகத் திடுக்கிட வைத்தது.

“மாமா, முந்தி நீங்க அவிய வசனத்த மனசுல சொல்லி முடிச்ச பெறவுதான் தம்பிக்குத் தல ஆட்டுவிய. நானும் கூடவே சொல்லிக்கிட்டுத்தான இருப்பேன். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல முடியும். நாலு வருசமா ஒரு நாளு பெசகல. இப்ப ரெண்டு மாசமா நீங்க அதச் சொல்லமாட்டேங்கிய. செல நாளு நான் பாதியில இருக்கும்போதே தல ஆட்டுதிய. செல நாளு நான் ரெண்டு தரம் சொல்லி முடிச்சும் ஆட்டமாட்டேங்கிய. கண்ண மூடிக்கிட்டு வேற என்னத்தையோ நெனைக்கிய. உயிரோட இருக்குதவிய வசனத்துக்கு நம்ம வீட்டுல யாரும் அப்பிடி இருக்கமாட்டாவ.”

சித்தி “இயேசுவே” என்றாள்.

“அவளத் திட்டாத” என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து. “அவ சொன்னது சரி. நான் சொல்லியிருக்கணும்.”

பிறகு சொன்னார். அவர் சொன்ன விதம் இன்றும் என் காதில் இருக்கிறது. அழவில்லை, திக்கவில்லை, திரும்பிப்போய் எதையும் திருத்தவில்லை. கண்ணைத் தரையில் வைத்து, மூன்று பாகமாகச் சொன்னார்.

“மழைக்காலத்துல பினாங்குலேருந்து காயல்பட்டினத்துக்காரர் ஒருத்தர் திரும்பி வந்தாரு. கப்பலவிட்டு எறங்கி, துறைமுகத்துல என் பேரக் கேட்டு வந்தாரு. அவரும் இவனும் ஒண்ணாப் புடிபட்டவங்க.

“சயாமுல ரயில் பாதை போடுத எடத்துக்குக் கொண்டுபோயிட்டாங்க. கூலியாளுக பேரு எழுதுத வேலைக்கு இவன வச்சிருந்தாங்க. காலம்பற எல்லாருக்கும் முந்தி எழும்பி ஒக்காந்திருப்பானாம். ரொம்ப நேரம் பேசமாட்டானாம். பெறவு ஒரே ஒரு வசனம் சொல்லுவானாம். பெறவும் பேசமாட்டானாம். புத்தி பெசகிட்டுன்னு கூட இருந்தவங்க நெனச்சாங்களாம்.

“ரெண்டாவது வருசம் மழையில வயித்துப்போக்கு வந்துச்சு. மூணு நாளு. மூணாவது நாளு சாயங்காலம் போயிட்டான். பாதைக்குப் பக்கத்துலயே அடக்கம் பண்ணிட்டாங்க.”

அம்மா தலையைச் சுவரில் சாய்த்து அழத் தொடங்கினாள். தங்கை அவளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு இரண்டு விஷயங்கள் ஒரே சமயத்தில் உறைத்தன. ஒன்று, அண்ணன் அங்கே ஏன் பேசாமல் இருந்தான் என்பது. அதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவனுடைய கணக்கில் அங்கே இல்லாதவர்கள் நாங்கள். எங்கள் வசனங்களுக்கு அவன் பேசாமல் இருந்திருக்கிறான். இரண்டாவது, அப்பா இதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மயினியின் அண்ணனிடம் “பொறுங்க, தகவல் வரும்” என்று சொல்லியிருக்கிறார். நேர்மைக்கு அளவுகோலாக நான் வைத்திருந்த மனிதர் அவர். துறைமுகத்தில் ஒரு சணல் கயிற்றைக்கூட வீட்டுக்கு எடுத்து வராதவர். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மயினி அழவில்லை. ஒரு கேள்வி கேட்டாள்.

“எட்டாவதுக்கும் இருந்தாவளா, மாமா?”

அப்பாவுக்குப் புரிந்தது. எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. அவனோடு அவள் அந்தப் பாயில் உட்கார்ந்தது ஆறே மாதம். அதற்கு முன்னால் எட்டாம் வசனம் அத்தையினுடையது. அந்தக் காட்டில், ஏழாவதோடு எழுந்துவிட்டானா? தன் மனைவியின் வசனத்துக்கும் காத்திருந்தானா?

“கேக்கலம்மா” என்றார் அப்பா.

அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

சனிக்கிழமை அச்சகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் காயல்பட்டினம் போனேன். பெட்ரோல் இல்லாத காலம். கரி வாயுவில் ஓடும் பஸ் ஆறுமுகநேரிக்கு முன்னால் ஒரு தடவை நின்று, பயணிகள் இறங்கித் தள்ளினோம். இரண்டு பேர் கைகோத்து நடக்க முடியாத சந்துக்குள் அந்த மனிதரின் வீடு. முப்பத்தைந்து வயதிருக்கும், பார்வைக்கு ஐம்பது. இடது காது கேட்கவில்லை. நான் யாரென்று சொன்னதும் வலது காதைத் திருப்பிக்கொண்டு உட்காரச் சொன்னார்.

“வாங்க தம்பி. இந்தத் தடவ உங்க அப்பா வரலியா?”

“இந்தத் தடவையா?”

“ஆமா. சனிக்கிழமையானா வந்துருவாங்களே. அஞ்சு தடவ வந்திருக்காங்க.”

சனிக்கிழமைகளில் அப்பா துறைமுகத்தில் அதிக வேலை என்று சொல்லித் தாமதமாக வந்துகொண்டிருந்தார். அதை நாங்கள் யாரும் சந்தேகிக்கவில்லை.

“எதுக்கு வந்தாங்க?”

“கதய கேக்க. ஒவ்வொரு தடவையும் மொதல்லேருந்து சொல்லச் சொல்லுவாங்க. நான் ஒரு துண்டு சொன்னா நிறுத்தச் சொல்லி, வாய்க்குள்ள திரும்பத் திரும்பச் சொல்லிக்கிடுவாங்க. பெறவு அடுத்த துண்டு. கடைசித் தடவ, ‘நீங்க சும்மா இருங்க, நான் சொல்லுதேன், தப்பு வந்தா திருத்துங்க’ன்னாங்க. ஒரு வார்த்த மாறல தம்பி. அல்லா! மவன் மவுத்தான கதைய ஒரு மனுசன் பாடம் பண்ணி நான் பாத்ததே இல்ல.”

“ஏன் அப்படின்னு நீங்க கேக்கலியா?”

“கேக்காம இருப்பேனா? ‘வீட்டுல சொல்லணும், வாய் வரமாட்டேங்குது, பாடமாகிட்டா தானா வந்துரும்’னாங்க.”

அவர் மனைவி உள்ளேயிருந்து அனுப்பிய தேநீர் என் கையில் இருந்தது. நான் அதைக் கீழே வைத்தேன். முந்தின நாள்களில் அப்பா மீது எனக்கிருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மூன்று துண்டாக உடைத்து, ஒவ்வொன்றையும் ஏழு தரம். அம்மா மயினிக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறை. காலையில் ஐந்தாம் வசனத்தின்போது கண்ணை மூடி அவர் வேறு என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் முயன்று, முடியாமல், எனக்குத் தலையசைத்திருக்கிறார்.

நான் கேட்க வந்த கேள்வியைக் கேட்டேன்.

“அண்ணன் காலையில உக்காந்திருப்பான்னு சொன்னீங்களாமே. அந்த ஒரு வசனத்தச் சொன்ன பெறகு உடனே எழும்பிருவானா?”

“எங்க எழும்ப? வெரல மடக்கி முடிக்கணுமே.”

“விரலா?”

அவர் இடது கையை நீட்டிக் காட்டினார். சுண்டு விரலை மடக்கினார். கொஞ்ச நேரம் விட்டு மோதிர விரல். பிறகு நடு விரல். பிறகு ஆள்காட்டி விரல். “இது நாலும் பேச்சில்லாம. பெறவு வாயத் தொறந்து அந்த ஒண்ணச் சொல்லுவாரு. சொல்லிட்டுக் கட்டவெரல மடக்குவாரு. பெறவு இந்தக் கை.” வலது கையை எடுத்தார். சுண்டு விரல். மோதிர விரல். நடு விரல்.

“மூணா, ரெண்டா?”

“மூணு.”

“நல்லா ஞாபகமா? ரெண்டா இருக்குமா?”

“தம்பி, நான் அவருக்கு எதுத்தாப்புல படுத்தவன். கஞ்சிக்கு நாங்க எட்டுப் பேரு ஒரே வரிச. ஒருத்தன் எழும்பாட்டியும் மத்தவனுக்குக் கெடயாது. அந்தக் கடைசி வெரலு மடங்குத வரைக்கும் எல்லாரும் அதையே பாத்துக்கிட்டு நிப்போம். ‘ஏ மாஸ்டரே, அத சீக்கிரம் மடக்கும்யா, கஞ்சி ஆறுது’ன்னு ஏசுவோம். அவரு ஒரு நாளும் அவசரப்பட்டதில்ல. மூணு. ரெண்டு இல்ல.”

“இத அப்பாகிட்ட சொன்னீங்களா?”

“அவங்க கேக்கல. எனக்கும் அது பெரிய விசயமாத் தோணல. அது என்ன கணக்கு, தம்பி?”

சொன்னேன். ஒவ்வொரு விரலும் யார் என்று சொன்னேன். வலது கையின் நடு விரலுக்கு வந்தபோது, அவர் தன் விரல்களை விரித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “நாங்க ஏசினோமே” என்றார்.

நான் வீடு திரும்பும்போது மயினி கொல்லையில் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் குந்தினேன். விரல் கணக்கை முதலிலிருந்து சொன்னேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“வலது கையில மூணு விரல், மயினி.”

தேய்ப்பது நின்றது.

“மூணா?”

“மூணு. ரெண்டு தரம் கேட்டுட்டேன்.”

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். புளியும் சாம்பலும் ஒட்டிய விரல்கள். ஒவ்வொன்றாக மடக்கினாள். நடு விரல் மடங்கியதும் கையை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு முதல் முறையாக, சத்தமாக அழுதாள். அம்மா ஓடி வந்தாள். வந்த வேகத்தில் அவளைக் கட்டிக்கொண்டாள். “பாவி” என்று அன்றைக்குச் சொன்ன வாய், “எம்மவளே” என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு ஐந்தாம் வசனத்தை மயினியே சொன்னாள். அப்படிச் செய்யும்படி அப்பா கேட்டுக்கொண்டார். பெந்தெகொஸ்தே பண்டிகை வரை, நான்கு மாதத்துக்கும் மேலாக, இரண்டு வசனங்கள் அவளுடையவை. பிறகு அப்பா அவள் அண்ணனுக்குத் தாமே கடிதம் எழுதி வரவழைத்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். தாம் பொய் சொன்னதையும் சேர்த்து. அவர் தலையைக் குனிந்துகொண்டு, “விடுங்க மாமா” என்றார்.

அண்ணனோடு உடன்குடிக்குப் புறப்படும்போது மயினி என்னிடம், “தம்பி, அஞ்சாவத இனி நீங்க எடுத்துக்கிடுங்க. அந்த மூச்சு விடுத எடத்த விட்டுராதிய” என்றாள். நான் விடவில்லை.

மறுநாள் காலை ஏழாம் வசனத்தைத் தங்கை சொல்லி முடித்தாள். எட்டாவதுக்கு அப்பா கண்ணை மூடினார். நான் அதை மனத்துக்குள் சொன்னேன். நான் முடித்த அதே கணத்தில் அவர் “ஆமென்” என்றார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மயினிக்கு நாசரேத் பக்கத்தில் மறுமணம் நடந்தது. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேலை கொடுத்துவிட்டு வந்தார்கள். வந்த மறுநாள் காலை, ஏழாம் வசனத்துக்குப் பிறகு அப்பா வழக்கம்போல் கண்ணை மூடியதும் சித்திக்குப் பொறுக்கவில்லை.

“அத்தான், அவ இப்ப வேற வீட்டுப் பொம்பளை. அவளுக்கு எதுக்கு இங்கன இன்னும் பேசாம இருக்கணும்? ஏழாவத சொல்லுதவளே எட்டாவதயும் எடுத்துக்கிடட்டுமே.”

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. விரலைத் தூக்கிப் பொறு என்று காட்டினார். வசனத்தை முடித்து, ஆமென் சொல்லி, அதன் பிறகுதான் சித்திக்குப் பதில் சொன்னார்.

“அவ உயிரோட இருக்காள்லா.”